பள்ளிக்கூடம் தந்த தாய்மொழி: மேற்கு ஆர்மீனியமும் புலம்பெயர் அடையாளமும்

1. கேள்வி

அழியும் அபாயத்திலுள்ள மொழிகளைப் பற்றி 2010இல் யுனெஸ்கோ வெளியிட்ட வரைபட நூல், துருக்கியில் பேசப்படும் மேற்கு ஆர்மீனியத்தை 'உறுதியாக அபாயத்தில் உள்ளது' என்ற வகையில் சேர்த்தது. உலகெங்கும் சிதறிய ஆர்மீனியரிடையே அந்த ஒற்றை வரி எழுப்பிய கலக்கம் இன்னும் அடங்கவில்லை. பொதுவாகச் சொல்லப்படும் கதை இது: 1915இல் ஒட்டோமான் பேரரசில் நடந்த இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்கள் உயிரோடு சேர்த்து மொழியையும் காப்பாற்றிக் கொண்டு வந்தார்கள், மகன் அரைகுறையாகப் பேசினான், பேரன் மறந்தான். இந்த மறதிக்குச் சமூகத்தில் 'வெள்ளைப் படுகொலை' என்றே பெயர்.

இந்தக் கதைக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. மொழி போனால் ஆர்மீனியர் என்ற அடையாளமும் போய்விடும் என்பது ஒன்று. வீட்டுக்குள் பிற மொழிகள் நுழைவதுதான் இழப்புக்குக் காரணம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கிடைக்கும் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இரண்டுமே வரலாற்றின் முன் நிற்கவில்லை என்பதும், அவற்றை விடாமல் பிடித்திருப்பது மொழிக்கே தீங்காகிறது என்பதும் என் முடிவு.

2. சுருக்கமான பின்புலம்

ஆர்மீனியம் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் ஒரு தனிக் கிளை. ஈரானியச் சொற்கள் மிகுந்திருந்ததால் அதை ஈரானியக் கிளையில் சேர்த்துவந்த அறிஞர்களின் கருத்தை 1875இல் ஹைன்ரிஹ் ஹ்யூப்ஷ்மன் மாற்றினார். ஏறத்தாழ 405ஆம் ஆண்டில் மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் 36 எழுத்துகளை வகுத்தார். அதன்வழி வளர்ந்த செவ்வியல் மொழியான கிரபார் திருச்சபை வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பேச்சு வழக்குகளிலிருந்து இரண்டு எழுத்து மொழிகள் எழுந்தன. கான்ஸ்டான்டிநோபிளை மையமாகக் கொண்டது மேற்கு ஆர்மீனியம். திஃப்லிஸ், யெரெவான் பகுதிகளில் வேர்விட்டது கிழக்கு ஆர்மீனியம். ஒரே பெயரை மேற்கில் க்ரிகோர் என்றும் கிழக்கில் கிரிகோர் என மெலிந்த ககரத்தோடும் உச்சரிப்பார்கள். மேற்கில் 'எழுதுகிறேன்' என்று பொருள்படும் வினைவடிவம் கிழக்கில் 'எழுதுவேன்' என்றாகிவிடும். படித்தவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளலாம். குழந்தைக்கு அது எளிதல்ல.

1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மீனிய அறிவாளிகளின் கைது தொடங்கியது. கவிஞர்கள் தானியேல் வருஷான், சியமந்தோ, ரூபென் செவாக், எழுத்தாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான க்ரிகோர் ஸோராப் ஆகியோர் அந்த ஆண்டு முடிவதற்குள் கொல்லப்பட்டார்கள். கிழக்கு ஆர்மீனியத்துக்குப் பின்னாளில் ஒரு குடியரசு வாய்த்தது. மேற்கு ஆர்மீனியத்துக்கு நிலமும் இல்லை, அரசும் இல்லை. சிதறிக் கிடக்கும் மக்கள் மட்டுமே அதற்கு மிச்சம்.

3. மொழியின்றி நின்ற அடையாளம், அடையாளமின்றி நின்ற மொழி

முதல் நம்பிக்கையைச் சோதிக்க, இனப்படுகொலைக் கதைக்கு வெளியே உள்ள இரண்டு சமூகங்களைப் பார்க்க வேண்டும். புலம்பெயர் ஆர்மீனியரைப் பற்றிய பொதுப் பேச்சில் இவை போதிய கவனம் பெறுவதில்லை.

இன்றைய உக்ரைனில் உள்ள லிவீவ், காமியானெட்ஸ் நகரங்களில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செழிப்பான ஆர்மீனியக் குடியிருப்புகள் இருந்தன. அவர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசியது கிப்சாக் என்ற துருக்கிய இன மொழி. அதை ஆர்மீனிய எழுத்தில் எழுதினார்கள். தங்கள் நீதிமன்றப் பதிவேடுகளையும் குடும்பக் குறிப்புகளையும் பிரார்த்தனைகளையும் அப்படியே வைத்திருந்தார்கள். 1618இல் லிவீவில் ஆர்மீனிய எழுத்தில் அச்சான கிப்சாக் பிரார்த்தனை நூல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. இவர்கள் தம்மை ஆர்மீனியர் அல்லர் என்று எண்ணியதே இல்லை. தமக்கென்று தனிச் சட்டமும் தனித் தேவாலயமும் வைத்திருந்தார்கள். 1630இல் அவர்களுடைய பேராயர் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைந்த பிறகுதான், போலிஷ் சமூகத்துக்குள் கரையும் போக்கு வலுத்தது.

இதற்கு நேர்மாறானது கருங்கடல் கரையில், துருக்கியின் ஹோபா பகுதியில் வாழும் ஹம்ஷேன் மக்களின் வாழ்வு. பல தலைமுறைகளுக்கு முன் இஸ்லாத்தைத் தழுவிய இவர்களின் வீட்டுமொழி ஹோம்ஷெட்ஸ்மா. மொழியியல் நோக்கில் அது மேற்கு ஆர்மீனிய வழக்கு. அதைப் பேசும் பெரும்பாலோர் தம்மை ஆர்மீனியர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே, மொழியும் அடையாளமும் ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ்ந்திருக்கின்றன. அதுவும் நூற்றாண்டுக் கணக்கில். இந்த முடிவைப் பலர் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள்: மொழி போனாலும் நாம் ஆர்மீனியர்தானே என்று. எனக்கு இது ஆறுதலாகப் படவில்லை. அடையாளம் மொழியைச் சார்ந்திருக்கவில்லை என்றால், அடையாள உணர்வு எவ்வளவு பொங்கினாலும் அது மொழியைக் காப்பாற்றப் போவதில்லை என்பதும் இதே சான்றிலிருந்துதான் வருகிறது.

4. பன்மொழி என்பது பழைய வழக்கம்

இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். ஆர்மீனியர் ஒரு மொழி மட்டும் பேசி வாழ்ந்த பொற்காலம் எதையும் ஆவணங்களில் காண முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பாணர் சயாத் நோவா ஆர்மீனியம், ஜார்ஜியம், அஸர்பைஜானியத் துருக்கியம் ஆகிய மூன்றிலும் பாடினார். 1604இல் ஷா அப்பாஸால் வேரோடு பெயர்க்கப்பட்டு இஸ்ஃபஹான் அருகே புதிய ஜூல்ஃபாவில் குடியமர்த்தப்பட்ட வணிகர்கள், அங்கிருந்து வெனிஸ் முதல் மணிலா வரை வலை விரித்தார்கள். அவர்களின் வணிகக் கடிதங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் செபூ அஸ்லானியன், ஒருவரையொருவர் நம்பவும் தகவல் பரிமாறவும் அவர்களுக்குத் தம் வட்டாரப் பேச்சுவழக்கு எப்படிக் கைகொடுத்தது என்று காட்டுகிறார். பாரசீகம், துருக்கியம், போர்த்துக்கீசியம், இந்துஸ்தானி எல்லாம் தெரிந்த மனிதர்கள் அவர்கள். உள்வட்டக் கடிதத்துக்கு மட்டும் ஜூல்ஃபா வழக்கைக் கைவிடவில்லை. அந்த வேலையை வேறு எந்த மொழியும் செய்ய முடியாது என்பதே காரணம்.

அந்த வலையின் ஒரு கண்ணி நம் சென்னையில் இருந்தது. ஷஹாமிர் ஷஹாமிரியன் 1772இல் இங்கே ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794 முதல் 1796 வரை இந்நகரில்தான் வெளியாயிற்று. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோனியன் இங்குள்ள ஆர்மீனியத் தேவாலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். தேவாலயம் நிற்கும் ஆர்மீனியன் தெருவை நம்மவர்கள் 'அரண்மனைக்காரத் தெரு' ஆக்கிவிட்டார்கள். சென்னை ஆர்மீனியச் சமூகம் மறைந்ததற்குத் தமிழோ ஆங்கிலமோ காரணமல்ல. வணிகம் போயிற்று, ஆட்கள் போனார்கள்.

ஒட்டோமான் பேரரசில் நிலைமை இன்னும் தெளிவு. துருக்கிய மொழியை ஆர்மீனிய எழுத்தில் எழுதும் வழக்கத்தில் செய்தித்தாள்களும் பைபிளும் மருத்துவ நூல்களும் வந்தன. வர்தான் பாஷா 1851இல் வெளியிட்ட 'அகபி' நாவல் அப்படி எழுதப்பட்டது. துருக்கிய மொழியின் முதல் நாவல் எது என்ற விவாதத்தில் 1872இல் வந்த ஷெம்செத்தின் சாமியின் நாவலே நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. ஆந்த்ரேயாஸ் டீட்ஸே 1991இல் 'அகபி'யை லத்தீன் எழுத்துக்குப் பெயர்த்துப் பதிப்பித்த பிறகே அது பரவலாகக் கவனம் பெற்றது. ஆர்மீனிய எழுத்தைப் படிக்கத் தெரிந்து, துருக்கியத்தில் சிந்தித்த ஒரு பெரும் வாசகர் கூட்டம் இருந்திருக்கிறது.

5. பெய்ரூத்: ஒரு மொழி உருவான விதம்

இந்த வாசகர் கூட்டத்தின் வழித்தோன்றல்கள்தாம் இந்தக் கட்டுரையின் மையம்.

1921 இறுதியில் பிரெஞ்சுப் படைகள் தென் துருக்கியின் கிலீசியாவிலிருந்து விலகியபோது மராஷ், அதானா, அந்தெப் முதலிய ஊர்களின் ஆர்மீனியர் சிரியாவுக்கும் லெபனானுக்கும் ஓடிவந்தார்கள். பெய்ரூத் ஓரத்துச் சதுப்பு நிலத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். பிறகு பூர்ஜ் ஹம்மூத்தில் நோர் (புதிய) மராஷ், நோர் அதானா, நோர் சிஸ் என்று இழந்த ஊர்களின் பெயரிலேயே குடியிருப்புகளைக் கட்டினார்கள். அவர்களில் மிகப் பலருக்கு வீட்டுமொழி துருக்கியம். தாலாட்டும் துருக்கியத்தில், ஒப்பாரியும் துருக்கியத்தில். தம்மைக் கொன்றவர்களின் மொழியே தம் தாய் பேசிய மொழி என்ற நிலை அவர்களுடையது.

ஆக, மேற்கு ஆர்மீனியத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்ற கதை பெய்ரூத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது. பள்ளிதான் அவர்களுக்கு அதைக் கற்பித்தது. தேவாலயத்தை ஒட்டியும், கட்சிகள், தொண்டு அமைப்புகளின் முயற்சியாலும் பள்ளிகள் எழுந்தன. 1928இல் கெய்ரோவில் தொடங்கிய ஹமஸ்காயின் பண்பாட்டுச் சங்கம் 1930இல் பெய்ரூத்தில் ஜெமரான் என்ற உயர்பள்ளியைத் திறந்தது. நாடகாசிரியர் லெவோன் ஷாந்தும் திறனாய்வாளர் நிகோல் அக்பாலியனும் அங்கே பாடம் நடத்தினார்கள். அதே ஆண்டு ஆர்மீனியத் திருச்சபையின் கிலீசியத் தலைமைப் பீடம், அநாதை இல்லம் இருந்த அந்தேலியாஸ் நிலத்தில் அமர்ந்தது. ஆர்மீனிய இதழ்களான 'அஸ்தாக்' 1927இலும் 'ஸார்தோங்க்' 1937இலும் தொடங்கின. 1955இல் ஹைகாசியன் கல்லூரி வந்தது. ஒரு தலைமுறைக்குள் துருக்கியம் பேசிய தாய்களின் பிள்ளைகள் ஆர்மீனியத்தில் கவிதை எழுதினார்கள், அடுத்த தலைமுறை அதைத் தாய்மொழியாகவே கற்றது.

இந்த மாற்றத்தைத் தன் வாழ்விலேயே கண்டவர் கர்னிக் பானியன். பெய்ரூத்துக்கு வடக்கே அந்தூராவில் முதல் உலகப் போர்க்காலத்தில் ஒட்டோமான் தளபதி ஜெமால் பாஷாவின் நிர்வாகம் நடத்திய அநாதை இல்லத்தில் சிறுவனாக இருந்தவர் அவர். அங்கே ஆர்மீனியப் பிள்ளைகளுக்குத் துருக்கியப் பெயர் சூட்டினார்கள், ஆர்மீனியம் பேசினால் அடித்தார்கள். ஒரு பள்ளி மொழியைப் பறிக்கவும் முடியும் என்பதற்கு அந்தூரா சான்று. அந்தச் சிறுவன் வளர்ந்து, பெய்ரூத் ஜெமரானில் பல்லாண்டு கல்விப் பணியாற்றினார். அவருடைய நினைவுக் குறிப்பு 2015இல் ஆங்கிலத்தில் வந்தபின் உலகறிந்தது.

பெய்ரூத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. முகாம்களில் துருக்கியம் பேசக் கூடாது என்று இயக்கம் நடத்தினார்கள்; பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரின் மொழிக்காக வெட்கப்படக் கற்றார்கள். ஊர்ப் பேச்சுவழக்குகளும் தப்பவில்லை. ஹ்ராச்யா அஜாரியன் 1911இல் வெளியிட்ட ஆய்வில் 31 வழக்குகளை வகைப்படுத்தியிருந்தார். அவற்றில் மேற்கத்திய வழக்குகள் பலவற்றைப் பேசியோர் 1915இல் அழிக்கப்பட்டார்கள். எஞ்சியோரின் வழக்கைப் பள்ளியின் தரமொழி விழுங்கியது. மூசா மலையிலிருந்து 1939இல் வந்தவர்கள் லெபனானின் அஞ்சாரில் ஒரே ஊராகக் குடியேறியதால் அவர்களின் வழக்கு மட்டும் ஓரளவு நின்றது. தூய்மை என்ற பெயரில் ஒரு தலைமுறை கொடுத்த விலை இது. அந்த விலை தேவைப்பட்டதா என்றால், தேவைப்படவில்லை என்றே கருதுகிறேன். பெய்ரூத்தின் வெற்றிக்குக் காரணம் துருக்கியத்தைத் தடுத்ததல்ல. ஆர்மீனியத்தில் கணக்கும் அறிவியலும் கற்க முடிந்தது, அதிலேயே செருப்புக்கடை நடத்தவும் கால்பந்து ஆடவும் காதலிக்கவும் முடிந்தது. லெபனானின் அரசமைப்பு ஒவ்வொரு மதச் சமூகத்துக்கும் தனிப் பள்ளி நடத்த இடம் தந்தது. அரபியும் பிரெஞ்சும் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருந்தன. அவற்றால் ஆர்மீனியம் சாகவில்லை. 1975இல் தொடங்கி 15 ஆண்டு நீடித்த உள்நாட்டுப் போரும் அதன் பின்னான வெளியேற்றமுமே அந்த உலகைக் குலைத்தன.

6. பாரிஸும் அமெரிக்காவும்

பிரான்சில் லெபனானைப் போல் மதச் சமூகத்துக்கொரு பள்ளி என்ற அமைப்பு இல்லை. ஒரே குடியரசு, ஒரே பள்ளி, ஒரே மொழி. 1925இல் ஷவார்ஷ் மிஸ்ஸாக்கியன் தொடங்கிய 'ஹராச்' நாளிதழ் 2009 வரை பாரிஸில் வெளிவந்தது. அதில் 1929இல் தொடராக வந்த ஷஹான் ஷாஹ்னூரின் நாவல் 'பாடலற்ற பின்வாங்கல்', பெத்ரோஸ் என்ற இளைஞன் பியேர் ஆகிக் கரையும் கதை. வாசகர்கள் கொதித்தார்கள். ஆனால் ஷாஹ்னூர் பொய் சொல்லவில்லை; அவரே பிற்பாடு அர்மேன் லூபேன் என்ற பெயரில் பிரெஞ்சுக் கவிஞரானார். பாரிஸின் அந்தத் தலைமுறை எழுத்தாளர்கள் மேற்கு ஆர்மீனியத்தின் தலைசிறந்த உரைநடையில் ஒரு பகுதியை எழுதினார்கள் என்பதும், அவர்களின் சொந்தப் பிள்ளைகளில் பலரால் அதைப் படிக்க முடியவில்லை என்பதும் ஒருசேர உண்மை. இலக்கியத்தின் உயரம் மொழியின் ஆயுளுக்கு உறுதியாகாது.

அமெரிக்காவைப் பற்றிய ஆய்வுகளில் ஆனி பகாலியன் 1993இல் வெளியிட்ட நூல் முக்கியமானது. நியூயார்க், நியூ ஜெர்சி ஆர்மீனியரை ஆராய்ந்த அவர், ஆர்மீனியராக வாழ்வதிலிருந்து ஆர்மீனியராக உணர்வதற்குச் சமூகம் நகர்ந்துவிட்டது என்றார். மொழி, அன்றாடப் பழக்கம் எல்லாம் போன பின்னும் பெருமையும் நினைவும் நிலைக்கின்றன. லிவீவ் ஆர்மீனியரை அறிந்தவர்களுக்கு இது வியப்பில்லை. பகாலியனின் நூலைப் புலம்பலாகவே படிப்பவர்கள், அடையாளம் தளரவில்லை என்ற அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஷூஷான் கராபெத்தியன் 2014இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேடு வேறொரு கதவைத் திறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் வளரும் கிழக்கு ஆர்மீனியக் குடும்பத்து இளைஞர்களை அவர் ஆராய்ந்தார். தங்கள் ஆர்மீனியம் உடைந்தது, குறையுடையது என்ற கூச்சம் அவர்களை வாய்மூட வைக்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆங்கிலம் கலந்து பேசும்போது பெரியவர்கள் திருத்துகிறார்கள், சிரிக்கிறார்கள். பிள்ளை அடுத்தமுறை ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறது. இங்கே மொழியைக் கொல்வது ஆங்கிலமா, தூய்மைக் கண்காணிப்பா? இரண்டாவதற்குப் பெரும் பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்வேன். துருக்கியம் பேசிய பாட்டியை வெட்கப்பட வைத்த அதே கை, ஆங்கிலம் கலக்கும் பேத்தியையும் வெட்கப்பட வைக்கிறது.

7. இஸ்தான்புல்: மொழிக்கு வெளியே ஒரு கதவு

இனப்படுகொலை நடந்த நாட்டிலேயே தங்கியவர்களின் அனுபவம் இந்த விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை. 1928இல் 'குடிமகனே, துருக்கியம் பேசு' என்ற இயக்கம் பொது இடங்களில் சிறுபான்மை மொழிகளின் வாயை அடைத்தது. பிற்பாடு ஆர்மீனியச் சமூகத்தினர் அனடோலியக் கிராமங்களில் எஞ்சியிருந்த ஆர்மீனியப் பிள்ளைகளைத் தேடி அழைத்துவந்து இஸ்தான்புல் விடுதிகளில் படிக்க வைத்தார்கள். துருக்கியமோ குர்து மொழியோ மட்டும் அறிந்த பிள்ளைகள் அங்கே ஆர்மீனியம் கற்றார்கள். மலாத்யாவில் பிறந்து, இஸ்தான்புல்லில் அப்படியொரு விடுதியில் வளர்ந்தவர் ஹ்ரந்த் திங்க். 1996இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய 'ஆகோஸ்' வார இதழ் பெரும்பாலும் துருக்கியத்திலும் சில பக்கங்கள் ஆர்மீனியத்திலும் வந்தது. ஆர்மீனியம் படிக்கத் தெரியாத ஆர்மீனியர் தம் சமூகத்தைப் பற்றிப் படிக்க வேண்டும், துருக்கியரும் படிக்க வேண்டும் என்பது எண்ணம். 2007 ஜனவரி 19 அன்று அவ்விதழின் அலுவலக வாசலில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகோஸ் இன்றும் வருகிறது. ஆர்மீனியத்தில் வரும் 'ஜமானாக்', 'நோர் மர்மரா' நாளிதழ்களுக்கு அது போட்டியாகவில்லை. அவை எட்ட முடியாத வாசகரை அது எட்டியது.

8. யெரெவான் கைகொடுக்குமா?

ஆர்மீனியக் குடியரசு இருக்கும்போது ஏன் கவலை என்று கேட்பவர்கள் உண்டு. 1946–48இல் புலம்பெயர்ந்தோரில் ஏறத்தாழ 90,000 பேர் சோவியத் ஆர்மீனியாவுக்குத் திரும்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களை 'அக்பார்' என்று ஏளனமாக அழைத்தார்கள், அவர்களின் மேற்கத்தியப் பேச்சைக் கேலி செய்தார்கள். பிள்ளைகள் கிழக்கு ஆர்மீனியத்துக்கு மாறினார்கள். எழுத்திலும் பிளவு. 1922இல் சோவியத் ஆர்மீனியா எழுத்துமுறையைச் சீர்திருத்தி 1940இல் ஓரளவு பின்வாங்கியது. புலம்பெயர்ந்தோரும் ஈரானிய ஆர்மீனியரும் பழைய முறையையே காக்கிறார்கள். யெரெவானில் அச்சாகும் சிறுவர் நூலைப் பெய்ரூத் குழந்தை தடுமாறித்தான் படிக்க வேண்டும். அரசு உள்ள ஒரு மொழியின் நிழலில் அரசற்ற அதன் உடன்பிறப்பு தானாகத் தழைக்கும் என்று நம்ப இடமில்லை.

9. செய்ய வேண்டியது

அண்மைய முயற்சிகள் சில நம்பிக்கை தருகின்றன. லிஸ்பனைச் சேர்ந்த கலூஸ்த் குல்பென்கியன் அறக்கட்டளை, பிள்ளைகள் மேற்கு ஆர்மீனியத்தில் விளையாடவும் படம் எடுக்கவும் கதை எழுதவும் கூடும் கோடை முகாம்களை பிரான்சில் ஆதரிக்கிறது. 2018இல் மேற்கு ஆர்மீனியம் தனக்கென ஒரு பன்னாட்டு மொழிக் குறியீடு பெற்றது. 2019இல் அதற்கெனத் தனி விக்கிப்பீடியா வந்தது. கலிஃபோர்னியாவின் க்ளெண்டேலில் அரசுப் பள்ளியே ஆர்மீனியமும் ஆங்கிலமும் கலந்த வகுப்புகளை நடத்துகிறது, கிழக்கு ஆர்மீனியத்தில் என்றாலும்.

இவற்றில் எதுவும் பெய்ரூத்துக்கு ஈடாகாது. அங்கேதான் இன்னும் மேற்கு ஆர்மீனியத்தில் பாடம் கற்கும் பிள்ளைகளும், அதில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், பாடநூல்களும் ஒரே இடத்தில் இருக்கின்றன. உலகின் பல மூலைகளில் இம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதழாசிரியர்களும் அந்தப் பள்ளிகளிலிருந்து கிளம்பிப் போனவர்கள். 2019இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் லெபனான் நாணயம் மதிப்பிழந்து ஆசிரியர் சம்பளம் கரைந்தது. 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பு பூர்ஜ் ஹம்மூத்தின் வீடுகளையும் கடைகளையும் நொறுக்கியது. குடும்பங்கள் மறுபடியும் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. மேற்கு ஆர்மீனியத்தின்மேல் அக்கறை கொண்ட புலம்பெயர் அமைப்புகள் நினைவுச் சின்னங்களுக்கும் ஆண்டு விழாக்களுக்கும் ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை அந்தப் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளைகள் அரபியையும் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசினால், பேச விட வேண்டும்.